746 ஜிபி எங்கிருந்து வருகிறது? ஹார்ட் டிஸ்க்கின் முகவரிக் கணக்கு

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ 3 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, வீட்டில் கிடக்கும் பழைய யுஎஸ்பி கேஸில் போட்டுச் செருகிப் பாருங்கள். சில கேஸ்களில் விண்டோஸ் 746 ஜிபி என்றுதான் காட்டும். டிஸ்க் போலி என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். கடைக்காரர் அதையே, கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை நேரே இணைக்கும் சாட்டா கேபிளில் மாட்டினால் 2794 ஜிபி முழுதாகத் தெரியும். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. குறை அந்தக் கேஸுக்குள் இருக்கும் சின்ன சிப்பில். அதற்கு அவ்வளவு பெரிய எண்ணை எழுதத் தெரியாது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். டிஸ்க் தரவை செக்டார் என்ற சின்னத் துண்டுகளாகப் பிரித்து எழுதும். 3 டிபி டிஸ்க்கில் 5,86,05,33,168 செக்டார்கள் உண்டு. ஒவ்வொன்றும் 512 பைட். பழைய சிப் செக்டார் எண்ணை 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதும் 32 கட்டங்களில் எழுதுகிறது. 32 பிட்டில் 4,29,49,67,296 வரை எண்ணலாம், அதற்கு மேல் இடமில்லை. டிஸ்க் சொன்ன எண்ணிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது 1,56,55,65,872. அதை 512-ஆல் பெருக்கி, 1024-ஆல் மூன்று முறை வகுத்தால் 746.52 ஜிபி. கிலோமீட்டர் மீட்டர் 99999-ஐத் தாண்டியதும் மறுபடி 00000-இல் தொடங்குவது போல, எண் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மிச்சத்தை மட்டும் காட்டியிருக்கிறது.

இதே 746 இன்னொரு இடத்திலும் வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் மொத்த டிஸ்க்கும் 746 ஜிபி என்று தெரிந்தால் தவறு கேஸின் சிப்பில், அல்லது பழைய ஸ்டோரேஜ் டிரைவரில். 2048 ஜிபி ஒரு கட்டமாகவும், பக்கத்தில் 746.52 ஜிபி கறுப்புப் பட்டையுடன் அன்அலோகேட்டட் (எதற்கும் ஒதுக்காத இடம்) என்றும் தெரிந்தால் சிப் சரியாகவே இருக்கிறது. டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறையில் தொடங்கியதுதான் காரணம். முதலாவதற்குக் கேஸையோ டிரைவரையோ மாற்ற வேண்டும். இரண்டாவதற்குச் சில கட்டளைகள் போதும்.

ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவு வரம்பு என்று இதுவரை வந்த எல்லாமே இந்த ஒரே கதைதான். தகட்டில் இடம் தீர்ந்து எந்த வரம்பும் வரவில்லை. ஃபைலிலிருந்து தகடு வரை ஓர் எண் பல கை மாறிப் போகிறது: ஃபைல் சிஸ்டம், டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் பார்ட்டிஷன் அட்டவணை, விண்டோஸ் டிரைவர், கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் பயோஸ், நடுவில் இருக்கும் சிப், டிஸ்க்கின் சொந்த போர்டு. இவற்றில் எதனிடம் எண்ணெழுதும் கட்டங்கள் மிகக் குறைவோ, அதன் வரம்புதான் மொத்தத்தின் வரம்பு.

பழைய முறை மூன்று எண்களால் ஆனது. புதுச்சேரியின் கடலோர வீதிகள் போல நேராக அடுக்கிய ஒரு நகரை எண்ணிக்கொள்ளுங்கள். எந்த வீதி, எத்தனையாவது மாடி, எந்தக் கதவு என்று மூன்றும் சொன்னால் வீடு கிடைத்துவிடும். டிஸ்க்கில் வீதி சிலிண்டர் (தகட்டின் வட்டப் பாதை), மாடி ஹெட் (தகட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கும் முனை), கதவு செக்டார். 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் வந்தபோது இந்த மூன்று எண்களையும் பயோஸிடம் 24 பிட்டுக்குள் அடக்கிக் கொடுத்தார்கள். சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8, செக்டாருக்கு 6. சிலிண்டர் எண்ணின் மேல் இரண்டு பிட்டுக்குத் தனி இடம் கிடைக்காமல், செக்டார் எண் இருக்கும் அதே பைட்டின் மேல் மூலையில் செருகி வைத்தார்கள். அன்று அது சிக்கனமான, நல்ல முடிவு. 10 எம்பிக்கு அது தாராளம்.

6 பிட் என்றால் 64 எண்கள் வர வேண்டும். ஆனால் சிலிண்டரும் ஹெட்டும் 0-விலிருந்து எண்ணப்பட, செக்டார் மட்டும் 1-லிருந்து எண்ணப்படுகிறது. டிஎன் 31, பிஒய் 01 வண்டி எண்கள் 0001-இல் தொடங்குவதால் ஒரு வரிசையில் 10,000 வண்டிக்குப் பதில் 9999 வண்டிதான் அடங்குகிறது அல்லவா, அதே மாதிரி இங்கே 64-க்குப் பதில் 63. இந்த 63-ஐ நினைவில் வையுங்கள். கால் நூற்றாண்டு கழித்தும் இது வந்து தொல்லை கொடுத்தது.

சிக்கல் தொடங்கியது இரண்டு பங்கீடுகள் மோதியபோது. சாட்டாவுக்கு முன் இருந்த ஐடிஇ வகை டிஸ்க் தன் பங்குக்கு சிலிண்டருக்கு 16 பிட், ஹெட்டுக்கு 4, செக்டாருக்கு 8 என்று வேறு விதமாகப் பிரித்து வைத்திருந்தது. பயோஸ் 1024 சிலிண்டர் வரைதான் பேசும். டிஸ்க் 16 ஹெட் வரைதான் பேசும். செக்டார் 63. ஒவ்வொன்றிலும் சிறியதை எடுத்துப் பெருக்கினால் 1024 × 16 × 63 × 512 = 52,84,82,304 பைட். தனித்தனியே பார்த்தால் பயோஸால் 8 ஜிபிக்கு மேலும், டிஸ்க்கால் 130 ஜிபிக்கு மேலும் போக முடியும். இரண்டும் சேர்ந்தபோது 528 எம்பியில் முட்டிக்கொண்டன. இரு தரப்பும் தத்தம் அளவில் சரி, சேர்ந்த இடத்தில் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கம்ப்யூட்டர் வரலாற்றில் குறைவு.

1990-களின் நடுவில் டிஸ்க்குகள் இந்த அளவைத் தாண்டியதும் பயோஸ் எழுதியவர்கள் மொழிபெயர்க்கும் வேலையை ஏற்றுக்கொண்டார்கள். 2100 சிலிண்டர், 16 ஹெட் உள்ள டிஸ்க்கை, சிலிண்டரை இருமுறை பாதியாக்கி ஹெட்டை இருமுறை இரட்டித்து, 525 சிலிண்டர், 64 ஹெட் என்று அன்றைய இயங்குதளமான டாஸிடம் சொல்வார்கள். பெருக்குத்தொகை மாறாது. தமிழ்நாட்டு ஊர்களில் ஒரே வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு பலகை தொங்குவது போலத்தான். எந்த எண்ணைப் பிடித்துப் போகிறோம் என்பது இரு பக்கமும் ஒன்றாக இருக்கும்வரை கடிதம் சரியாகச் சேரும்.

அது ஒன்றாக இல்லாதபோதுதான் பழைய டிஸ்க்குகளில் ஃபைல் காணாமல் போகிறது. அந்தக் காலத்து பயோஸில் நார்மல், லார்ஜ், எல்பிஏ என்று மூன்று முறைகள் இருக்கும். ஒரு முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை இன்னொரு முறையில் இருக்கும் போர்டில் மாட்டினால் பார்ட்டிஷன் குப்பையாகத் தெரியும், அல்லது பூட் ஆகாது. தரவு அழியவில்லை, தப்பான கதவைத் தட்டுகிறோம், அவ்வளவுதான். பதறி ஃபார்மட் கொடுக்காமல் பயோஸில் முறையை மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும்.

மொழிபெயர்ப்பின் உச்சம் 1024 × 255 × 63, அதாவது சுமார் 8.4 ஜிபி. 8 பிட்டில் 256 ஹெட் எழுதலாம். ஆனால் எம்எஸ் டாஸ் 256 என்ற எண்ணிக்கையை ஒரு பைட்டில் வைக்கப் பார்த்து 0 என்று படித்துவிடும் என்பதால் 255-இல் நிறுத்திக்கொண்டார்கள். அதோடு மூன்று எண் முறையின் காலம் முடிந்தது. நிஜத்தில் எந்த டிஸ்க்கிலும் 255 ஹெட் இல்லை. இரண்டு தகடு இருந்தால் நான்கு ஹெட், அவ்வளவே. தகட்டின் வெளிவட்டத்தில் இடம் அதிகம் என்பதால் அங்கே செக்டாரும் அதிகம், உள்வட்டத்தில் குறைவு. ஆகவே வட்டத்துக்கு 63 என்பதும் எப்போதோ கற்பனையாகிவிட்டது.

பதிலுக்கு வந்தது எல்பிஏ. வீதியும் வேண்டாம், மாடியும் வேண்டாம். 0, 1, 2 என்று கடைசி வரை ஒரே வரிசை எண். பழைய முகவரியிலிருந்து இதற்கு மாற்றும் கணக்கு எளிது: சிலிண்டர் எண்ணை ஹெட் எண்ணிக்கையால் பெருக்கி, ஹெட் எண்ணைக் கூட்டி, 63-ஆல் பெருக்கி, செக்டார் எண்ணில் ஒன்றைக் குறைத்துக் கூட்ட வேண்டும். 16 ஹெட் உள்ள டிஸ்க்கில் சிலிண்டர் 2, ஹெட் 3, செக்டார் 4 என்றால் (2 × 16 + 3) × 63 + 3 = 2208. அந்த வரிசையில் 2208-ஆம் எண் செக்டார்.

வரிசை எண்ணுக்கும் எத்தனை கட்டம் என்ற கேள்வி உண்டு. ஐடிஇ டிஸ்க்கில் முகவரி எழுத மூன்று முழு பைட்டும் நான்காவதில் பாதியும் இருந்தன: 8 + 8 + 8 + 4 = 28 பிட். 26,84,35,456 செக்டார்கள், 137 ஜிபி. விண்டோஸ் இதை 128 ஜிபி என்று எழுதும். இந்த வரம்புதான் எல்லாவற்றிலும் கொடியது, ஏனென்றால் முந்தைய வரம்புகளில் இடம்தான் குறைந்து தெரிந்தது, இதில் தரவே போனது. புதிய கம்ப்யூட்டரில் 160 ஜிபியாக ஃபார்மட் செய்த டிஸ்க்கை, சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பு போடாத விண்டோஸ் எக்ஸ்பி இருக்கும் கம்ப்யூட்டரில் மாட்டினால் முதலில் எல்லாம் நன்றாகவே தெரியும். 137 ஜிபியைத் தாண்டிய ஓர் இடத்தில் எழுதச் சொன்னதும் 29-ஆவது பிட் விழுந்துவிடும். மிச்ச எண் டிஸ்க்கின் தொடக்கத்தைக் காட்டும். அங்கே இருப்பது பார்ட்டிஷன் அட்டவணையும் ஃபைல் பட்டியலும். புதிய ஃபைல் அவற்றின் மேலேயே எழுதப்படும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அடுத்த முறை கம்ப்யூட்டரைப் போடும்போது டிஸ்க் வெறுமையாகத் தெரியும்.

2002-இன் ஏடிஏ 6 தரம் இதை 48 பிட் ஆக்கியது. செய்த விதம் மிக அழகு. புதிய கம்பி இல்லை, புதிய பதிவேடு இல்லை. இருந்த மூன்று 8 பிட் இடங்களிலேயே இரண்டு முறை எழுதச் சொன்னார்கள்: முதலில் மேல் பாதி, பிறகு கீழ்ப் பாதி. மூன்று பதினாறு நாற்பத்தெட்டு. வரம்பு 144 பெட்டாபைட்டுக்குப் போய்விட்டது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 1-இல் இது வந்தது. பழைய ஸ்டுடியோக்களின் கல்யாண வீடியோ டிஸ்க்குகளைத் திறக்க அந்தக் காலத்து கம்ப்யூட்டரையே தேடிப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ஐடிஇ டிஸ்க்கை யுஎஸ்பி அடாப்டரில் போட்டு இன்றைய கம்ப்யூட்டரில் படிப்பதே பாதுகாப்பு. மாட்டும் முன் பின்களைப் பாருங்கள். நம் ஊர்க் கடற்காற்றில் பல வருடம் கிடந்த கனெக்டரில் பச்சை பிடித்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் போதும். 80 ஜிபி என்று லேபிள் ஒட்டிய டிஸ்க் 32 ஜிபி என்று தெரிந்தால் பின்புறப் பின்களில் மாட்டியிருக்கும் சின்ன மூடியை, அதாவது ஜம்பரைப் பாருங்கள். 33.8 ஜிபிக்கு மேல் கண்டால் உறைந்துபோகும் பயோஸ்களுக்காக டிஸ்க் தன் அளவைக் குறைத்துச் சொல்ல ஒரு ஜம்பர் வைத்திருந்தார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதைக் கழற்றி, மறுபடி மின்சாரம் கொடுத்தால் முழு அளவு தெரியும்.

இன்று கடை மேசைக்கு அதிகம் வருவது 2 டிபி வரம்பு. எம்பிஆர் என்பது டிஸ்க்கின் முதல் செக்டாரில் இருக்கும் 512 பைட். 446 பைட் பூட் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, 2 பைட் முத்திரை. 64 பைட்டை நான்காகப் பிரித்தால் ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட். அந்த 16-இல் தொடக்க செக்டாருக்கு 4 பைட், நீளத்துக்கு 4 பைட். 4 பைட் என்றால் 32 பிட். அதனால்தான் 2.2 டெராபைட்டோடு நின்றுவிடுகிறது. மிச்ச எட்டு பைட்டில் ஆறு யாரும் பயன்படுத்தாத பழைய சிலிண்டர், ஹெட், செக்டார் முகவரிக்கே போகிறது என்பதுதான் வருத்தம்.

எம்பிஆருக்குப் பதிலாக வந்த ஜிபிடி முறை இதை 64 பிட் ஆக்கியது. 128 பார்ட்டிஷன் வரை, ஒவ்வொன்றுக்கும் 128 பைட் இடம், அட்டவணையின் நகல் டிஸ்க்கின் கடைசியிலும் உண்டு. முதல் செக்டாரில் ஒரு போலி எம்பிஆர் காவலுக்கு நிற்கும். ஜிபிடி தெரியாத பழைய மென்பொருள் டிஸ்க் காலியாக இருக்கிறது என்று எண்ணி எழுதிவிடாமல் இருக்கத்தான் அது.

புதிய பெரிய டிஸ்க் என்றால் செய்ய வேண்டியது சுருக்கமானது. நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்க்பார்ட், பிறகு லிஸ்ட் டிஸ்க். ஜிபிடி என்ற கடைசிப் பத்தியில் நட்சத்திரக்குறி இருந்தால் ஏற்கெனவே ஜிபிடி. இல்லையென்றால் டிஸ்க் எண்ணைத் தேர்ந்தெடுத்து, கிளீன், பிறகு கன்வெர்ட் ஜிபிடி. கிளீன் கொடுப்பதற்கு முன் அளவைப் பார்த்து டிஸ்க் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். அந்தக் கட்டளை உறுதி கேட்காது, உடனே பார்ட்டிஷன்களைத் துடைத்துவிடும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கையே மாற்ற வேண்டுமானால், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி தரவை அழிக்காமல் மாற்றித் தரும். முதலில் வேலிடேட், அது சரி என்றால் கன்வெர்ட். நான்கு இடமும் நிறைந்த எம்பிஆராக இருந்தால் வேலிடேட்டிலேயே நின்றுவிடும். ஒரு பார்ட்டிஷனைக் குறைத்து மூன்றாக்க வேண்டும். மாற்றி முடித்ததும் போர்டின் பூட் முறையை லெகசியிலிருந்து (பழைய பயோஸ் வழி) யுஇஎஃப்ஐ-க்கு (பயோஸுக்குப் பதிலாக வந்த வழி) மாற்ற மறந்தால் பூட் ஆகாது. யுஇஎஃப்ஐ இல்லாத பழைய போர்டில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆகவே ஆகாது. ஆனால் தரவு வைக்கும் இரண்டாவது டிஸ்க்காக விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே தாராளமாக வேலை செய்யும். அதற்காக யாரும் போர்டு மாற்ற வேண்டியதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, விவரம் தெரிந்தவர்களும் விழுகிறார்கள். சில யுஎஸ்பி கேஸ்கள் எக்ஸ்பியிலும் 2 டிபிக்கு மேல் தெரிய வேண்டும் என்பதற்காக, 512 பைட் செக்டார்களை எட்டெட்டாகச் சேர்த்து 4096 பைட் செக்டார் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். எண்ணிக்கை எட்டில் ஒரு பங்காகிவிடும், 32 பிட்டுக்குள் அடங்கிவிடும், எம்பிஆரிலேயே 17 டிபி வரை போகலாம். கேஸ் ஒருநாள் கெட்டுப்போகும். டிஸ்க்கைக் கழற்றி நேரே சாட்டாவில் மாட்டுவார்கள். பார்ட்டிஷன் 256-ஆம் செக்டாரில் தொடங்குகிறது என்று அட்டவணை சொல்லும். முன்பு அது 256 × 4096, அதாவது சரியாக 1 எம்பி தள்ளி. இப்போது 256 × 512, 128 கேபி தள்ளி. அங்கே ஒன்றும் இல்லை. விண்டோஸ் 'ரா' என்று காட்டி ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே மாடல் கேஸைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் லினக்ஸில் லூப் டிவைஸுக்கு (டிஸ்க்கை இன்னொரு டிஸ்க் போலத் திறந்து காட்டும் வசதி) செக்டார் அளவு 4096 என்று கொடுத்து, படிக்க மட்டும் திறந்து, ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்கலாம்.

அந்த 63-க்கு வருவோம். 2010-ஐ ஒட்டி டிஸ்க்குகள் உள்ளுக்குள்ளேயே 4096 பைட் செக்டாருக்கு மாறின, வெளியில் மட்டும் 512 என்று காட்டிக்கொண்டன. எக்ஸ்பியோ பழைய வழக்கப்படி முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டாரில் தொடங்கும். 63 எட்டால் வகுபடாது. ஆகவே விண்டோஸ் எழுதும் ஒவ்வொரு 4 கேபியும் டிஸ்க்கின் இரண்டு செக்டார்கள் மேல் குறுக்கே விழும். இரண்டையும் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும். டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று தோன்றுமளவு வேகம் விழும். விஸ்டாவிலிருந்து தொடக்கம் 2048-க்கு மாறியது. எக்ஸ்பியிலிருந்து குளோன் செய்த டிஸ்க் மந்தமாக இருந்தால் எம்எஸ்இன்ஃபோ32-இல் பார்ட்டிஷன் தொடங்கும் ஆஃப்செட்டைப் பாருங்கள். 32,256 என்றால் தப்பு, 10,48,576 என்றால் சரி.

1 டிபி வாங்கினால் 931 ஜிபி தெரிவது இவற்றில் சேராது. தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. எந்த நிறுவனத்தின் 1 டிபி டிஸ்க்கானாலும் செக்டார் எண்ணிக்கை பொதுவாக 1,95,35,25,168 என்றே இருக்கும். பெரும்பாலும் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்தாலே சண்டை தீர்ந்துவிடும்.

பென் டிரைவில் 60 ஜிபி காலியிருந்தும் 5 ஜிபி கல்யாண வீடியோ ஏறவில்லை என்பதும் அதே 32 பிட்தான், இந்த முறை ஃபைல் சிஸ்டத்தில். எஃப்ஏடி32 ஒரு ஃபைலின் நீளத்தை எழுத 4 பைட் வைத்திருக்கிறது. 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு வரைதான். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும், ஆனால் பழைய டிவிகள் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. வாடிக்கையாளரிடம் எந்த டிவி என்று கேட்டுவிட்டு ஃபார்மட் செய்வது நல்லது, இல்லையென்றால் வீடியோவை இரண்டாக வெட்டிக் கொடுக்கலாம். பழைய கேமரா 8 ஜிபி மெமரி கார்டை ஏற்காததும் இதே வகை: ஆரம்பகால எஸ்டி கார்டில் முகவரி பைட் கணக்கு, எஸ்டிஹெச்சியில் 512 பைட் பிளாக் கணக்கு. ஒரே 32 பிட் எண், அலகு மட்டும் மாறியது. பழைய கேமராவுக்குப் புதிய அலகு புரியாது. சிசிடிவி டிவிஆர்களிலும் ஒரு டிஸ்க்குக்கு இத்தனை டிபி என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள். அதற்கு மேல் போட்டால் டிஸ்க்கைக் காட்டாமலோ, குறைத்துக் காட்டியோ படுத்தும். பதிவு ஓடுகிறது என்று நம்பியிருக்கும் கடைக்காரருக்கு, தேவைப்படும் நாளில்தான் அது தெரியவரும்.

மலிவு விலைக்குக் கிடைக்கும் 2 டிபி பென் டிரைவ்களில் மட்டும் இந்தச் சுற்றல் வேண்டுமென்றே செய்யப்படுகிறது. உள்ளே 32 ஜிபி சிப் இருக்கும். கன்ட்ரோலர் 2 டிபி என்று பொய் சொல்லும்படி நிரல் எழுதியிருப்பார்கள். 32 ஜிபிக்கு மேல் எழுதுவது தொடக்கத்துக்கே சுற்றி வந்து பழைய போட்டோக்களின் மேல் விழும், அல்லது எங்கும் எழுதப்படாமல் போகும். ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால் குப்பை. அளவைப் பார்த்தோ சில ஃபைல் நகலெடுத்துப் பார்த்தோ இதைப் பிடிக்க முடியாது. கடைசி வரை நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 இதற்காகவே இருக்கும் இலவசக் கருவிகள். நொடிக்கு 10 எம்பி எழுதும் 64 ஜிபி டிரைவுக்கு எழுத மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுத்துச் சோதித்துவிட்டு, அதன் பிறகே குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை அதில் போடுங்கள்.